கத்தரிப்பூக் கொடிப் படகு

“இன்னைக்கு வியாழக்கெழமைல்லா, நம்ம தெருவுல தண்ணி வந்தாலும் வரும்” என்று யாரோ யாரிடமோ சொன்னது, பொன்னாக மின்னியபடி ஒருக்களித்துப் படுத்திருந்த பிரம்மாண்டமான புத்தரின் பாதங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து குழல்வாய்மொழியின் காதில் விழுந்தது. சிப்பி பதித்த அந்தப் பாதங்களுக்கு இந்தப் பக்கம் அவள் ஒளிந்துகொண்டிருந்தாள். ஒளிந்தாள் என்றால் பயந்து அல்ல. பாங்காக்குக்கு வந்து ஒன்றரை நாளில் முதல் முறையாக யாரும் அவளைக் கூப்பிடாத மூன்று நிமிடங்கள் அங்கே கிடைத்திருந்தன, அவற்றை நான்காக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னது அன்னத்தாய் அத்தை. நல்லமங்கலம் தெப்பக்குளம் தெருப் பெண்கள் காலையில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடக்கிற நடைக் குழு, மூன்று வருடமாக ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், ஒரு நாள் ஐந்தாவது சுற்றில், எங்கேயாவது நேராகப் போனால் என்ன என்று யோசித்து, அப்படியே விமானம் ஏறிப் பாங்காக் வரைக்கும் நேராக வந்துவிட்டிருந்தது. மொத்தம் பதினொரு பேர். தலைவி ஜான்சி டீச்சர். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றும் கழுத்திலிருந்த விசிலுக்கு ஓய்வு கொடுக்காதவர். இருப்பவர்களில் சின்னவள், குழலி என்று எல்லோரும் கூப்பிடுகிற இந்தக் குழல்வாய்மொழி, வயது இருபத்து நான்கு, பெண்கள் கல்லூரியில் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை. காய்ந்த இலைகளை அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதி வைப்பதுதான் அவள் தொழில் என்பதால் பேச வேண்டிய அவசியம் அவளுக்கு அதிகம் வந்ததில்லை.

பட்டியலில் முதல் பெயர் குழலியின் அம்மா சண்முகவடிவின் பெயராகத்தான் இருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போவதற்கு முந்தின நாள், அன்னத்தாய் அத்தை திடீரென்று, “எல்லாரும் போயிட்டா தண்ணி யாரு பிடிக்க?” என்று கேட்டார். நல்லமங்கலத்தில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும், சில நேரம் பத்து நாளாகும், எத்தனை மணிக்கு என்பது திறந்துவிடுகிற ஆளுக்கே திறக்கும்போதுதான் தெரியும். பிடிக்கத் தவறினால் அடுத்த எட்டு நாளைக்கு அந்த வீட்டில் சண்டைதான். அன்னத்தாய் கேட்டதும் பத்து பேரின் பார்வையும் சுற்றிச் சுற்றி வந்து சண்முகவடிவிடம் நின்றது. “நான் இருக்கேன். என் எடத்துல குழலி போயிட்டு வரட்டும்” என்று அவள் சொன்னாள். கிளம்புகிற அன்று பத்து வீட்டுச் சாவிகளும், எது யாருடையது என்று தெரிய அவரவர் ரவிக்கைத் துணியில் ஒரு கிழிசல் கட்டி, அவள் இடுப்புக்கு வந்து சேர்ந்தன.

குழலிக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஓர் ஆசை இருந்தது. அவளை யார் என்று யாரும் கேட்காத ஓர் ஊரில் ஒரு நாள் தனியாக நடக்க வேண்டும். நல்லமங்கலத்தில் பத்தடி நடந்தால் நாலு பேர் “நீ வடிவு மகதான?” என்பார்கள்; பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் அழகுராஜா அண்ணாச்சியோ அவளைக் கண்டால் ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடுவார்: “மதுரை வண்டி புறப்படுது, வடிவு மக வந்துக்கிட்டுருக்கு, கொஞ்சம் நில்லுங்க.” ஆய்வக இலைகளிடம் நாலு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் ஜான்சி டீச்சரிடம் போய்க் கேட்டாள். சனிக்கிழமை, அந்தப் பெரிய வாரச் சந்தையில், பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் அவள் தனியாக இருந்துகொள்ளலாம் என்று டீச்சர் அனுமதி கொடுத்திருந்தார்.

ஆனால் வியாழக்கிழமையே படகு வந்துவிட்டது.

புத்தர் கோயிலை விட்டு வெளியே வந்து படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகுக்காகப் பதினொரு பேரும் நின்றார்கள். ஆரஞ்சுக் கொடி வரவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் கொடி கட்டிய ஒரு படகு வந்தது. பின்பக்கத்து ஆள் கயிற்றை வீசி விசிலடிக்க, அது தனக்குத்தான் என்று எண்ணி ஜான்சி டீச்சரும் பதிலுக்கு விசிலடிக்க, எல்லோரும் ஏறிவிட்டார்கள். டிக்கெட் கொடுக்கிற பெண், சில்லறையும் டிக்கெட்டும் போட்ட நீளத் தகரக் குழலைச் சலக் சலக்கென்று ஆட்டிக்கொண்டே வந்து ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தாள். படகு பூச்சந்தைத் துறையைத் தாண்டியது, ஒரு வாய்க்காலுக்குள் திரும்பியது, குனிந்தால் தலை தப்பும் ஒரு பாலத்துக்கடியில் நுழைந்து வெளியே வந்தது. எதிரே நல்லமங்கலம் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கச் சுவர் தெரிந்தது. சுவரில் சிமெண்ட் விளம்பரம். அதன் கீழே, பதினேழு வருடமாகச் சொட்டுத் தண்ணீர் காணாத தெப்பக்குளத்தில் படகு மிதப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தண்ணீர், நாலாவது படி வரைக்கும், பழுப்பாக ஆடிக்கொண்டிருந்தது.

“அட, இவ்வளவு பக்கமா?” என்றார் அன்னத்தாய் அத்தை. “தெரிஞ்சிருந்தா பிளேன்ல காது அடைச்சிக்கிட்டு வந்திருக்க வேண்டாமே.”

“பேச்சைக் குறைங்க, படி வழுக்கும், ஒவ்வொருத்தரா இறங்குங்க” என்றார் ஜான்சி டீச்சர்.

சண்முகவடிவு படியில் நின்றுகொண்டிருந்தாள். குளத்தில் தண்ணீர் சத்தம் கேட்டதும் தெருக் குழாய்தான் திறந்துவிட்டது என்று குடத்தோடு ஓடி வந்திருந்தாள். பதினொரு பேரையும் பார்த்து, “வந்துட்டீகளா? சாப்பிட்டீகளா?” என்றவள், “தண்ணி இன்னும் வரல” என்று சேர்த்துக்கொண்டாள். அதைக் கேட்டு நிம்மதியடைந்த பெண்கள் அவளிடம் சாவியை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார், ஒருவர் பருப்புப் பொடி எடுத்துக்கொண்டார், அன்னத்தாய் அத்தை அரை மணி நேரம் தன் கட்டிலில் படுத்து எழுந்தார். தகரக் குழல் சத்தம் கேட்டதும் எல்லோரும் திரும்பி வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் படகேறிப் பாங்காக்குக்குப் போய், சீனர் தெருவில் பாக்கியிருந்த கடைகளைப் பார்த்து முடித்தார்கள்.

அம்மா ஏறவில்லை. “பத்துச் சாவி இருக்குட்டி. தண்ணி வந்துருச்சுன்னா?” என்றாள். படகு விலகும்போது அவள் முதுகைத் திருப்பவில்லை, பாலம் மறைக்கும் வரைக்கும் படகையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதைக் குழலி மட்டும் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஊர் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அழகுராஜா அண்ணாச்சி நேரப் பலகையில் அருப்புக்கோட்டைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே சாக்பீஸால் ‘பாங்காக்’ என்று எழுதி, எதிரே ‘அடிக்கடி’ என்று போட்டார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, தெப்பக்குளம் கோயிலைச் சேர்ந்தது, குளத்துக்குள் வருவதும் போவதும் கோயில் சமாசாரம் என்று சொல்லிவிட்டு, தன் மனைவியை முதல் படகில் ஏற்றிவிட்டுப் போனார். கோயில் பூசாரி, புறப்படும்போது மணியடித்தால் போதும் என்றார். பூ விற்கிற பெண்கள் விடிகாலை நாலு மணிப் படகில் போய்ப் பூச்சந்தையில் செண்டுப்பூவும் ஆர்க்கிட்டும், இதழை ஒவ்வொன்றாக உள்ளே மடித்த தாமரை மொட்டும் வாங்கி வந்தார்கள். அன்று நல்லமங்கலத்தில் பிள்ளையாருக்குக்கூட ஆர்க்கிட் மாலைதான். பரோட்டா மாஸ்டர் அங்கே ஒரு தெருமுனையில், மாவை வீசி விரித்து வாழைப்பழம் வைத்து மடித்துச் சுடும் ஒருவரைக் கண்டு, இவர் வீச அவர் பார்க்க, அவர் வீச இவர் பார்க்க, கூட்டம் கூடிப் போக்குவரத்து நின்றுவிட்டது.

அங்கிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டுத் தின்னக் கொடுக்கிற ஓர் அம்மாள் வந்து, இங்கேயும் அதையேதான் செய்கிறார்கள் என்று கண்டு, விற்காமல் உட்கார்ந்து வாங்கித் தின்றுவிட்டுப் போனார். டிக்கெட் கொடுக்கிற பெண்ணின் பெயர் நொய் என்று தெரியவந்தது. இரண்டாம் நடையிலேயே அவள் நொய்யம்மாவாகி, டீக்கடையில் ‘நொய்யம்மாவுக்கு ஒண்ணு, சீனி தூக்கலா’ என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். குளத்தில் வந்து நிற்கிற ஆற்றுத் தண்ணீரையும் ஊர் விடவில்லை. படகு வந்ததும் குடங்கள் இறங்கும், மாடு குளிப்பாட்டுவார்கள், துணி அலசுவார்கள். படகு போனதும் குளம் பழையபடி வறண்டு, படிகள் மட்டும் ஈரமாக இருக்கும்.

இதெல்லாம் ஊருக்கு நல்லது. குழலிக்குத்தான் போக இடமில்லாமல் போய்விட்டது. உடைந்த பீங்கான் துண்டுகளால் பூப்பூவாக இழைத்த கோபுரத்தின் செங்குத்துப் படியில் பாதி ஏறி, ஒரு பீங்கான் தட்டின் நீல விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலிருந்து இறங்கிய நல்லமங்கலத்து மளிகைக் கடைக்காரர், “நீ வடிவு மகதான? தனியா என்ன செய்ற?” என்றார். சீனர் தெருவில் தேங்காய்ப்பால் சாதத்தையும் மாம்பழத்தையும் ஒரு வாய் எடுத்து, இனிப்பும் உப்புமாக அது நாக்கில் கரைவதற்குக் கண்ணை மூடியவள், கண்ணைத் திறந்தபோது எதிர் நாற்காலியில் கல்லூரி வாட்ச்மேன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். “இது என்னது பாப்பா, பொங்கலா?” தூணுக்குப் பின்னால் நின்றாள், குடையை விரித்து முகத்தை மறைத்தாள். குடையைப் பார்த்தே, “இது வடிவு குடைல்லா?” என்றார்கள்.

வெள்ளி சாயங்காலம் விடுதியில் ஜான்சி டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “நாளைக்குச் சந்தைக்கு நம்ம ஊரே வருது. தனியா எதுக்கு அலையணும், சேர்ந்தே போயிருவோம். என்ன குழலி?”

குழலி தலையை ஆட்டினாள். எப்படி ஆட்டினாள் என்று யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையில் எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள். யானைப் படம் போட்ட தொளதொளப் பாவாடைக் கால்சட்டையை அன்னத்தாய் அத்தை புடவைக்கு உள்ளே உடுத்தியிருந்தார். வெயிலுக்கு நல்லது என்றார். அப்போது கத்தரிப்பூக் கொடிப் படகு வந்தது. அதில் ஊர்க்காரர்கள் முப்பது பேர், முன்னால் புதுச் சட்டையில் அழகுராஜா அண்ணாச்சி. கரையில் கால் வைக்கும் முன்பே அறிவித்தார்: “தெப்பக்குளம் தெருவுக்குத் தண்ணி திறந்தாச்சு! அரை மணி நேரமாச்சு!”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வடிவு இருக்காள்ல” என்றார் ஒருவர்.

“ஆமா, வடிவு பாத்துக்கிடுவா” என்றார் அன்னத்தாய் அத்தை. “எங்க வீட்டு நீல டிரம்மு மட்டும் அடியில கொஞ்சம் ஒழுகும், அவளுக்குத் தெரியும்.”

அவர்கள் சந்தைக்கு எந்த வழி என்று பேச ஆரம்பித்தபோது, குழலி படகில் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏறி முன் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். தகரக் குழல் சலக்கென்றது. “ஏ புள்ள, எங்க போற?” என்று அன்னத்தாய் அத்தை கத்த, பெற்றவளிடம் பொறுப்பேற்றுக் கூட்டி வந்த பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று ஜான்சி டீச்சர் தாவ, டீச்சர் போனால் குழு போக வேண்டும் என்பது நடைக் குழுவின் விதியாகையால் மற்ற ஒன்பது பேரும் தொப்பிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள்.

தெப்பக்குளம் தெருவில் சண்முகவடிவு ஓடிக்கொண்டிருந்தாள். தோளில் வளையம் வளையமாகப் பச்சைக் குழாய், புடவை முழங்கால் வரைக்கும் நனைந்து, ஒரு வீட்டுக் கதவைத் திறந்து குழாயைப் போட்டு, அது நிரம்புவதற்குள் அடுத்த வீட்டுக் கதவைத் திறந்து, முதல் வீட்டில் வழிகிற சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி, இடுப்பில் சாவிக்கொத்து ஜல் ஜல்லென்று அடிக்க, ஆறாவது வீட்டு வாசலில் இருந்தாள். குழலி நேரே போய் அம்மாவின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினாள்.

“என்னட்டி செய்ற, தண்ணி நின்னுரும்!”

குழலி திரும்பி நின்றாள். ஆய்வகத்து இலைகளை நினைத்துக்கொண்டாள். இலைகள் என்று நினைத்தால் எதிரே நிற்கிற பத்து பேரையும் பார்க்க முடிந்தது.

“அவங்கவங்க வீட்டுத் தண்ணிய அவங்கவங்க பிடிங்க” என்றாள்.

சத்தமாகத்தான் வந்தது. எதிர் வீட்டு மாடிச் சுவரிலிருந்து காகம் பறந்தது. குழலி ரவிக்கைத் துணிகளைப் பார்த்துப் பார்த்துச் சாவிகளைக் கழற்றிக் கொடுத்தாள், மாம்பழ நிறம் அன்னத்தாய் அத்தைக்கு, புள்ளி போட்டது ஜான்சி டீச்சருக்கு, சரிகைக் கரை மூலை வீட்டுக்கு.

“இந்தப் புள்ளைக்குப் பேச வருமா?” என்றார் அன்னத்தாய் அத்தை, கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

ஜான்சி டீச்சர் தன் சாவியை இடுப்பில் செருகினார். பிறகு விசிலை எடுத்து, பள்ளி மைதானத்தில் ஊதுகிற மாதிரி நீளமாக ஊதினார். “என்ன நிக்கீங்க? வீட்டுக்கு வீடு, ஓடு! வடிவு, எங்க வீட்டையும் சேர்த்து எத்தன டிரம் பிடிச்சிருக்க? சரி போதும். உன் வீட்டை நான் பாத்துக்கிடுதேன், போ!”

படகில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாலத்துக்கடியில் போகும்போது அம்மா தேவையான அளவுக்கு மேலேயே குனிந்தாள். ஆறு அகன்று வந்ததும் நிமிர்ந்து, இரண்டு கரையையும் ஒரு தடவை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். படகுத்துறைக்கு மேலேயே மின்ரயில். ஒரு இடத்தில் இறங்கி மாறி ஏற வேண்டும். குழலி கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். தன் நாள் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. போனால் போகட்டும், அம்மாவுக்கு எல்லாவற்றையும் காட்டலாம் என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டு வந்தாள்.

சந்தை வாசலில் ஆயிரம் கடைகளின் சத்தம் மொத்தமாக வந்து மோதியது. அம்மா நின்றாள்.

“நீ எந்தப் பக்கம் போற?”

“செடிக் கடைக அந்தப் பக்கம்னு சொன்னாங்க. முதல்ல உனக்கு…”

“அப்ப நான் இந்தப் பக்கம் போறேன்” என்றாள் அம்மா.

“தனியாவா? உனக்கு பாஷை தெரியாதேம்மா.”

“அதுக்குத்தான். யாரும் என்னைய எதுக்கும் கூப்பிட முடியாதுல்லா.” அம்மா புடவைத் தலைப்பைப் பிழிந்துவிட்டுக்கொண்டாள். “இருவத்தஞ்சு வருசமா ஒரு கடைய நின்னு பாத்ததில்லட்டி. ‘வடிவு’ன்னு ஒரு சத்தம் கேக்கும், ஓடிருவேன். இன்னைக்கு ஒரு நா நடந்துட்டு வாரேன். அந்தா மணிக்கூண்டு தெரியுதுல்லா, அஞ்சு மணிக்கு அங்க நிக்கேன்.”

சொல்லிவிட்டு, இடுப்பைத் தொட்டுப் பார்த்து, அங்கே ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்து, கையை வீசிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

குழலி நடந்தாள். செடிகளுக்குள் நடந்தாள், வேரோடு காற்றில் தொங்குகிற ஆர்க்கிட்களுக்கு அவளுக்குத் தெரிந்த லத்தீன் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பீங்கான் கிண்ணங்களைத் தட்டி ஓசை கேட்டாள். மெத்து மெத்தென்ற மீன் உருண்டையை முகர்ந்து பார்த்து வைத்துவிட்டாள். பொரித்த வாழைப்பழம் தின்றாள். ஒரு கடைக்காரி ஏதோ கேட்டாள். யார் மகள் என்று கேட்கவில்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்ததால் குழலி சிரித்தாள். வழி தவறினாள், தவறிய இடமும் நன்றாக இருந்ததால் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். ஊர்க்காரர்களின் தலை தெரிந்தபோதெல்லாம் துணிக் கடைகளுக்குள் புகுந்து அடுத்த சந்தில் வெளியே வந்தாள். அப்படி நாலு மணி வரைக்கும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

நாலு மணி சுமாருக்கு, தொங்கவிட்டிருந்த பட்டுத் துணிகளின் இடைவெளியில் அம்மாவைப் பார்த்தாள். நாலு கடை தள்ளி, ஒரு சின்னச் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஓலைத் தொப்பி. புடவைக் கரை காய்ந்து விறைத்து நின்றது. மடியில் பாதித் தேங்காய்ச் சிரட்டை, அதில் தேங்காய் ஐஸ்கிரீம், மேலே வறுத்த கடலை. ஒரு கரண்டி எடுப்பாள், வாயில் வைப்பாள், போகிற வருகிறவர்களைப் பார்ப்பாள். அது முழுதாகக் கரைந்த பிறகு அடுத்த கரண்டி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு காலை இன்னொரு கால்மேல் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மா காலை ஆட்டி அவள் பார்த்ததில்லை.

அந்தச் சந்தின் மறுமுனையில், இரண்டு கையிலும் பைகளோடு, புதுச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ள, அழகுராஜா அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். இடப்பக்கக் கடை, வலப்பக்கக் கடை என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓலைத் தொப்பியைப் பார்த்தார். தாண்டிப் போன பார்வை திரும்பி வந்து புடவையில் நின்றது. பைகளைக் கீழே வைத்தார். கூவுவதற்காக இரண்டு உள்ளங்கைகளையும் வாயருகே குவித்தார்.

குழலி பட்டுத் துணிகளை விலக்கிக்கொண்டு சந்தின் நடுவே வந்து, அவருக்கும் ஸ்டூலுக்கும் இடையில் நின்றாள்.

“அண்ணாச்சி, நான்தான், வடிவு மக. அந்தப் பக்கம் நம்ம ஊர் டீ மாதிரியே ஒரு டீ கெடைக்குது, வாங்க” என்று சொல்லி, அவருடைய பைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு, அவரை அடுத்த சந்துக்குக் கூட்டிப் போனாள்.